தொட்டி மூடி

நீளம் இரண்டடி, அகலம் ஒன்று.
உயரம் ஐந்து அங்குலம் போதும் என்றான் சொரிமுத்து.
அவன் வீட்டில் பகலில் யாரும் தூங்குவதில்லை.

எங்களுக்குச் சமாதானபுரத்தில் மாடிப் போர்ஷன், ஒரே அறை.
கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே
ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில்
இரவு முழுக்க நின்றுவிட்டு
காலை எட்டுக்கு வருகிறாள் வடிவு.
ஜன்னலில் கறுப்புத் துணி. காதில் பஞ்சு.
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.
வேலம்பாசிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று
நான் மாட்டிய முதல் லைட்டு
தண்ணீரோடு சேர்ந்து
அந்தச் சுவரில் போய் நெளிந்தது.
"கண்ணக் குத்துதுல்லா" என்றாள், திரும்பாமல்.

ஆகவே மூடி.

வண்ணார்பேட்டையில் பெயர்ப்பலகைக் கடையில் எனக்கு வேலை.
கழித்துப் போட்ட ஏசிபி தகட்டுக்குப் பஞ்சமில்லை.
திறப்பதற்குள் பங்காளிகள் பிரிந்து
முன்பணத்தோடு நின்றுபோன ஒரு ஜவுளிக்கடைப் பலகை.
சிவப்பில் 'ஜவு' வரைக்கும் எனக்கு வந்தது.
'ளி'யைச் சொரிமுத்து புறாக்கூண்டுக்குக் கொண்டுபோனான்.

மடங்க வேண்டிய கோட்டில் பள்ளம் அறுத்தால்
தகடு காகிதம் மாதிரி மடங்கும்.
எழுத்தை உள்ளே போட்டு மடித்தேன்.
அதன்மேல் மிக்சர் பாக்கெட்டைக் கழுவி
வெள்ளிப் பக்கம் கீழே பார்க்க ஒட்டினேன்.
மூன்று நாள் பூண்டு வாசம்.
பலகை எழுத்துக்குள் வைக்கிற எல்இடி, இருபத்து நாலு.
ஒவ்வொரு முடிச்சிலும் சிலிக்கான்,
நீர் சத்தமில்லாமல் மேலே ஏறி வரும் என்பதால்.
ஏறி வந்தது.
முதல் டிரைவர் ஒரே மாதத்தில் பச்சை பூத்துச் செத்தது.
அடுத்ததை வெளியே ஆணியில் தொங்கவிட்டேன்.
பாக்கெட் ஒட்டுவிட்ட ஓர் இடத்தில்
ஜகரத்தின் வால் எட்டிப் பார்க்கிறது.
தண்ணீரில் விழும் அந்தச் சிவப்பை
இரை என்று இன்னமும் முட்டுகின்றன கப்பிகள்.

சித்திரையில் மூடிக்குள் அடுப்பு.
மீன்கள் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று வைத்தேன்.
விசிறிக்கு ஓட்டை; ஓட்டை வழியே வெளிச்சம்.
ஓட்டைக்கு மறைப்பு; மறைப்பில் காற்று முட்டி ரீங்காரம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும்
அந்தச் சத்தத்தை
அவள் மூச்சுக்குக் கீழே இறக்கப் பார்த்தேன்.
இறங்கவில்லை.

கடைசியில் பாளை மார்க்கெட்டில் ஒரு டைமர்,
இருநூற்று எண்பது ரூபாய்.
இப்போதெல்லாம் எங்கள் மீன்களுக்குச்
சாயங்காலம் நாலு மணிக்கு விடிகிறது.
தெருவில் தார் இளகும் உச்சிவெயிலில்
அவற்றுக்கு நடுச்சாமம்.
வடிவு எழுந்து முகம் கழுவி வரும்போது
டிக் என்று காலை.

நான் வர எட்டேகால் ஆகும். அவளுக்கு ஒன்பது மணி பஸ்.
இடையில் தோசை, கரண்ட் பில்,
யாருக்கோ ஓ நெகட்டிவ் கிடைக்காத கதை.
இரை போடுவது அவள்தான், ஒரு சிட்டிகை, எண்ணிப் போட்டதுபோல்.
பத்து மணிக்கு அணைய வேண்டிய லைட்டை
பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம்.
காலாவதியான ஏடிஎம் கார்டால்
கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
உள்ளே கம்பளி மாதிரி பச்சை.
"நான் போன பொறவு லைட்ட அணைக்கிறதில்லையோ?"
"யாரு சொன்னா?"
கார்டின் ஓரத்தில் வழித்த பாசியை
என் புறங்கையில் தடவினாள்.
மணி எட்டே முக்கால்.
டைமர் பக்கம் போகவில்லை.
கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கையைக் கழுவாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.